ஊரே நடத்தும் மின்சாரம்

இரவு 8 மணி. திடீர் என்று விளக்கு அணைகிறது. தட்டில் பாதிச் சோறு. குழந்தை அழுகிறது. "மெழுகுவர்த்தி எங்கே?" என்று பாட்டி கேட்கிறாள்.

மின்சார ஆபீசுக்கு டெலிபோன் செய்கிறோம். யாரோ பேசுகிறார். ஆனால் அவருக்கு மேல் அதிகாரி, அவருக்கும் மேல் அதிகாரி எல்லாம் தலைநகரத்தில்!

கேரளத்தில் திருச்சூர் என்று ஒரு நகரம். அங்கே பழைய நகரசபை எல்லைக்குள் மின்சாரம் கொடுப்பது மாநில மின்சார வாரியம் அல்ல. மாநகராட்சியே கொடுக்கிறது! விளக்கு எரியவில்லையா? கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அடுத்த தேர்தலில் அவர் நம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் அல்லவா?

கேரளத்தில் இப்படி மின்சாரம் விற்கும் மாநகராட்சி இது ஒன்றுதான். 2000-ம் ஆண்டில் சுற்றுப்புறப் பஞ்சாயத்துகளும் மாநகராட்சியில் சேர்ந்தன. அந்தப் பகுதிகளுக்கு மட்டும் வாரியம் கொடுக்கிறது. ஒரே ஊர். இரண்டு மின்சார ஆபீஸ்!

1936-ல் கிளர்ச்சி

இந்த ஊர் மின்சாரத்துக்காகக் கிளர்ச்சி செய்த ஊர்.

அப்போது கொச்சியில் மன்னர் ஆட்சி. திவானாக இருந்தவர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். கோயம்புத்தூர்க்காரர். பிறகு 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனவரும் இவர்தான்.

திருச்சூரில் மின்சாரம் விற்கும் உரிமையை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க திவான் முடிவு செய்தார். 1936-ல் ஊர் கொதித்து எழுந்தது. கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் இக்கண்ட வாரியர். இவர் 1948-ல் கொச்சியின் பிரதமர் ஆனார்.

கிளர்ச்சி அப்போது வெல்லவில்லை. கம்பெனிதான் வந்தது. ஆனால் பிற்காலத்தில் அந்த வேலை ஊரின் கைக்கே வந்து சேர்ந்தது.

மளிகைக் கடை மாதிரி

மாநகராட்சி மின்சாரத்தை உற்பத்தி செய்யவில்லை. வாரியத்திடம் மொத்தமாக வாங்குகிறது. வீட்டுக்கும் கடைக்கும் சில்லறையாக விற்கிறது. மளிகைக் கடை வியாபாரம் மாதிரிதான்.

ஆனால் இந்தச் சரக்கை மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. சாயங்காலம் ஊர் முழுவதும் விளக்குப் போட்டால், அந்த நிமிடமே சரக்கு வேண்டும்!

வரும் வழியில் சிந்தவும் செய்யும். 100 யூனிட் வாங்கினால் 100 யூனிட்டுக்கும் காசு வராது. கம்பி சூடாகிக் கொஞ்சம் போகும். பழைய மீட்டர் குறைத்துக் காட்டுவதில் கொஞ்சம் போகும். கொக்கி போட்டுத் திருடுகிறவர்களால் கொஞ்சம் போகும். சிந்துவதைக் குறைப்பவரே இந்த வியாபாரத்தில் கெட்டிக்காரர்.

திருச்சூருக்கு இதில் ஒரு வசதி. வீடும் கடையும் நெருங்கி நிற்கும் ஊர். நகைக் கடையும் ஜவுளிக் கடையும் நிறைய. கடைக்காரர் கட்டும் கட்டணம் வீட்டுக்காரர் கட்டுவதை விட அதிகம். மலை ஏறி, வயல் தாண்டி, ஒரு வீட்டுக்காகப் பத்துக் கம்பம் நட வேண்டியது இல்லை.

"லாபமான இடத்தை மாநகராட்சி வைத்துக் கொண்டு, கஷ்டமான இடத்தை வாரியத்தின் தலையில் கட்டலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வழி இருக்கிறது. விலையை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வீட்டுக் கட்டணம் மாநிலம் முழுவதும் ஒன்றே. மொத்த விலை மட்டும், வாங்குகிறவரின் சக்தியைப் பார்த்து மாறும். வசதி உள்ளவர் கூடக் கொடுக்கட்டும். இது சரி என்றே எனக்குப் படுகிறது.

உண்டியல் யார் கையில்?

என் கவலை வேறு.

மாநகராட்சிக்கு ஆயிரம் செலவு. ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும். சாக்கடை அடைத்துக் கொண்டு நிற்கும். பக்கத்திலேயே மின்சார இலாகாவில் மாதம் தவறாமல் பணம் வந்து விழும். கை அரிக்காதா?

ரோடு போட்டால் திறப்பு விழா நடத்தலாம். மாலை விழும். போட்டோ வரும். 30 வருஷத்துப் பழைய கம்பியை மாற்றினால் யார் மாலை போடுவார்கள்? டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்த மந்திரி வருவார்?

அதனால் கம்பி காத்திருக்கும். ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஒன்றும் தெரியாது. ஒரு கோடைகால இரவில், ஊர் எல்லாம் மின்விசிறி சுழலும்போது, டிரான்ஸ்பார்மர் வெடிக்கும். அப்போது சபையில் வேறு கவுன்சிலர்கள் இருப்பார்கள். திட்டு வாங்குவது யார்? ஏணியைத் தோளில் போட்டுக் கொண்டு ஓடி வருகிற லைன்மேன்!

இதற்காக மின்சாரத்தை ஊரின் கையில் இருந்து பிடுங்க வேண்டாம். எந்தச் சந்துக்கு எந்தக் கம்பத்தில் இருந்து கம்பி போகிறது என்பது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும்.

ஆனால் மின்சாரப் பணத்துக்குத் தனிப் பெட்டி வேண்டும். வாரியத்துக்கு உள்ள பாக்கியை முதலில் கட்ட வேண்டும். அடுத்தபடி கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சினால் ரோட்டுக்குக் கொடுக்கலாம்.

இன்னும் ஒன்று. எத்தனை யூனிட் வாங்கினோம், எத்தனை விற்றோம், எத்தனை வீணாயிற்று என்ற மூன்று கணக்கையும், மாதம் ஒரு முறை, பணம் கட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிப் போடட்டும். பெரிய எழுத்தில் எழுதட்டும். வரிசையில் நிற்கும் பாட்டியும் படிக்கட்டும்.