தேவை மிகுங்கால் தேயிலையின் தரம்

இம்மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருமாறே பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டனர். ஆயின் எம் வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே தெரிவது தேயிலை. எம் மாணாக்கர் பலரின் அன்னையர் அதிற் கொழுந்து பறிப்போர். பழைய மாணவருட் சிலர் தொழிற்சாலைகளிலும் கொழும்புத் தரகு நிலையங்களிலும் பணிபுரிவோர். ஆகவே இலக்கியத்தைச் சற்றே ஒதுக்கி, இத்தொழில் குறித்து எமக்குள்ள கருத்தொன்றைக் கூற விழைகின்றோம்.

திம்புள்ளத் தேயிலைக்குப் பெயர் தேடித் தந்தது தை முதற் பங்குனி வரையுள்ள வறண்ட குளிர்காலமாகும். வடகீழ்ப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடந்து ஈரமிழந்து மேற்குச் சரிவில் இறங்கும் அந்நாட்களிற் செடி மெல்ல வளரும், கொழுந்து குறையும், மணமோ மிகும். கொள்வோர் பெரிதும் நாடுங் காலமும் செடி சிறிதே கொடுக்குங் காலமும் ஒன்றாய் அமைந்தது விந்தையே. சித்திரை வைகாசி மழையோடு நிலைமை தலைகீழாகும். கொழுந்து பெருகும், ஏழு நாளுக்கொருமுறை பறிக்க வேண்டிய மலைக்குப் பத்து நாளாகியும் ஆள் வந்து சேராது. முன்னதிற் பற்றாக்குறையாலும் பின்னதிற் பெருக்கத்தாலும் நேரும் பிழை ஒன்றே: ஈரிலையும் ஓரரும்பும் என்ற அளவு தளர்ந்து, மூன்றாமிலையும் நான்காமிலையும் கூடையில் விழும்.

தொழிற்சாலையிலும் இடர் உண்டு. வாட்டுந் தட்டில் அளவுக்கு மிஞ்சிப் பரப்பினால் ஒரு பகுதி வாடும், மற்றொரு பகுதி வாடாது. சீராய் வாடாத இலை உருளையிற் செவ்வனே முறுகாது. சாக்கில் நெருக்கி அடைத்த கொழுந்தோ வழியிலேயே சூடேறிச் சிவந்துவிடும். பின்னர் அதனை எந்த டீமேக்கராலும் மீட்க இயலாது. 1883 முதற் கொழும்பில் நடைபெற்றுவரும் ஏலத்தில் மாதிரியைச் சுவைத்து விலை கூறுவோர் இதனை ஒரு மிடற்றில் அறிந்துவிடுவர்.

விலையேற்றக் காலத்தில் மட்டும் அவ்வறிவு சிறிது கண்ணயரும். 1983 இறுதியில் இந்தியா சீ.டீ.சீ. தேயிலையின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, 1984இல் உலகச் சந்தையில் விலை வெகுவாய் உயர்ந்தது; 1985இல் வீழ்ந்தது. எதனைக் கொடுத்தாலுங் கொள்வார் என்னும் நாட்கள் நெடியன அல்ல. விலை இறங்குங்கால் முதலிற் கேட்பாரற்றுக் கிடப்பது முற்றிலைத் தூளே.

பழி வழக்கம்போற் பறிப்போர்மீது சுமத்தப்படுகின்றது. இதனை நாம் ஏற்கமாட்டோம். ஒரு பேருக்கு இத்தனை கிலோ, மிகுதிக்குக் கைக்காசு என்று எடையை மாத்திரம் எண்ணிக் கூலி கொடுப்போர் மெல்லிய கொழுந்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்? தராசு அறிவது கனத்தை. முற்றிய இலைக்கே கனம் உண்டு. 2021இல் நாட்கூலி 1000 ரூபாவானதும், சில தோட்டங்களிற் பறிக்க வேண்டிய நிறையும் உயர்த்தப்பட்டதென முறைப்பாடு எழுந்தமை வாசகர் அறிந்ததே. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகின்றது என வகுப்பிற் சொல்லுகையில் இந்தத் தராசு எம் நினைவுக்கு வருவதுண்டு.

பறிக்காது விட்டாற் கொழுந்து முற்றி வீணாகுமே எனத் தோட்டத்தார் கூறுவர். மெய்தான். அவ்வாறாயின் முற்றியதைத் தனியே பறித்துத் தனியே அரைத்துத் தனி வகையாக விற்கலாம். நல்லதோடு கலப்பதே தீது. வாட்டுந் தட்டுக் கொள்ளாத கொழுந்தை அயற்றொழிற்சாலைக்கு அனுப்பினால் மானம் போய்விடாது. எல்லாவற்றினும் மேலாக, நிறுக்குமிடத்தில் ஒரு பிடி கொழுந்தை எடுத்து, நல்லது இத்தனை, முற்றியது இத்தனை எனப் பிரித்தெண்ணி, நல்ல கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு எனக் கைக்காசு கூட்டித் தருதல் வேண்டும்.

பழைய மாணவருள் இன்று தோட்டங்களை நடத்துவோர் எவரேனும் வருகின்ற சித்திரையில் ஒரு மலையிலேனும் இதனைச் செய்து பார்க்க முன்வருவாராயின், பிரித்தெண்ணிக் கணக்கெழுத எமது மேல்வகுப்பு மாணவரை அனுப்பி வைப்போம்.