கல்லை எடுப்போம், புல் வளர்ப்போம்



நம் பள்ளி முற்றத்தில் மீதி இருக்கிற மண் தரையிலும் சிமெண்ட் கல் பதிக்கப் போகிறார்களாம். சேறு ஆகாது, நீட்டாக இருக்கும் என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. வேப்பமரத்தைச் சுற்றி ஏற்கெனவே பதித்ததையும் எடுத்துவிட்டு அருகம்புல் வளர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். பகலில் வருகிறவர்கள் கால் சுட்டு ஓரத்து மண்ணில் இறங்குவதை ஆசிரமம் பக்கம் பார்த்திருப்பீர்கள். நாமும் அதே மாதிரி கல்லு மேலதான் சத்துணவு சாப்பிட உட்காருகிறோம். மார்ச் மாசம் ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க பையைப் போட்டு அது மேல உட்காருதுங்க, பாவம். பச்சைப் புல் அவ்வளவு சுடாது. நீராவிப்போக்கு என்று பாடத்தில் படித்தோமே, அதுதான் காரணம்.

வேப்பமரத்தைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டியே கல். மழைத்தண்ணி கேட் வழியா ரோட்டுக்கு ஓடுது, வேருக்குப் போறதில்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை எடுக்கச் சொல்லி 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவே போட்டது. டெல்லி மரத்துக்கு ஒரு நியாயம், நம்ம மரத்துக்கு ஒரு நியாயமா?

கல்லை மட்டும் எடுத்தால் புல் வராது. அடியில் கிரஷர் தூளும் இறுக்கிய ஜல்லியும் இருக்கும். அதை அள்ளிவிட்டு அரை அடி ஆழம் கொத்தி, கோரைக்கிழங்கைப் பொறுக்கி, செம்மண்ணும் மக்கின சாண எருவும் கலக்கணும். வேர் இருக்கிற இடத்தில் கடப்பாரை கூடாது. அருகம்புல்லைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், வரப்பில் கொடி கொடியாக் கிடக்கு. கணுவோடு நறுக்கி நட்டால் கணுவுக்குக் கணு வேர் விடும். மரத்து நிழலில் அது சரியாக வராது. அங்கே வெறும் மண்ணாக விட்டு, வெயில் படுகிற பக்கம் நடலாம். இரண்டு மாசம் யாரும் மிதிக்கக் கூடாது (எட்டாம் வகுப்புப் பையன்களே, உங்களுக்குத்தான்!).

சேறு ஆகும் என்பவர்களுக்காக, கேட்டிலிருந்து வகுப்பு வரை நடக்கிற பாதையில் கல் இருக்கட்டும். பாம்பு வரும் என்று ஒரு டீச்சர் சொன்னார்கள். முழங்கால் உயரம் வளர விட்டால் வரும்தான். வாரம் ஒரு தடவை அறுத்துவிடலாம். எங்க வீட்டில் இரண்டு மாடு இருக்கு, புல்லை நானே எடுத்துட்டுப் போறேன்.

தட்டு கழுவுகிற தண்ணீர் இப்போது சும்மா சாக்கடைக்குப் போகிறது. அதைத் திருப்பிவிட்டால் போதும். ஐப்பசி மழைக்கு முன் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தால் மண்வெட்டி நாங்கள் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி