விழா முடிந்த மறுநாள்

"பாட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தவள் எதற்காக அழ வேண்டும்?"

இவ்வாண்டு பள்ளி திறந்த முதல் வாரத்தில் நம் விடுதியில் பலமுறை எழுந்த கேள்வி இது. கோடை விடுமுறையின் கடைசி நாள்களில், தாங்கள் உயிராய் நேசிக்கும் பாட்டுக் குழுவைச் சேலத்தில் நேரில் கண்டுவந்த மாணவியர் மூவர் முகம் வாடித் திரிந்தனர். அம்மூவருள் நானும் ஒருத்தி. "உடம்பு சரியில்லையா, பிள்ளை?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார் ஓர் அருட்சகோதரி. "எல்லாம் கொழுப்பு" என்றார் சமையற்கட்டு அக்கா. "இதற்குத்தான் அங்கெல்லாம் அனுப்பக் கூடாது என்பது" என்றார் பார்க்க வந்த ஒரு தோழியின் தந்தையார். மூவரும் எங்கள்மீது அன்புள்ளவர்களே. ஆயினும் மூவர் சொன்னதும் முழு உண்மையன்று என்பது என் தாழ்மையான கருத்து. அதனை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், அந்தத் துயரம் எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்கள் நாள் எண்ணிக் காத்திருந்தோம். அன்று மாலை ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் பாடினோம். பக்கத்தில் நின்றவள் யாரென்று தெரியாது. ஆனால் அவளும் நானும் ஒரே வரியில் கண் கலங்கினோம். பிறகு விளக்குகள் எரிந்தன. மேடையில் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். விடியற்காலையில் காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வளப்பூர் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, என் காதில் இன்னும் இரைச்சல் இருந்தது. நெஞ்சில் மட்டும் ஒன்றுமில்லை. எதையோ தொலைத்துவிட்டு, தொலைத்தது இன்னதென்று தெரியாமல் தேடுகிறவளைப் போல இருந்தேன்.

இது பைத்தியமன்று. இதற்குக் காரணங்கள் உண்டு. 2011-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக அறிஞர்கள், இசை கேட்போரின் மூளையை ஆராய்ந்தனர். இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் பொருள், பாட்டின் உச்சத்தில் மட்டுமன்றி, அந்த உச்சம் வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே சுரக்கிறது என்று கண்டனர். காத்திருத்தலே ஒரு பாதி இன்பம் என்பது இதனால் விளங்கும். அப்படியானால் கச்சேரி முடிந்த இரவில் நாம் இழப்பது ஒன்றன்று, இரண்டு. கேட்ட பாட்டும் போயிற்று. காத்திருந்த நாள்களும் போயின. அதனோடு உறங்காத இரவும், நெடுந்தூரப் பயணமும், தொண்டை வறளக் கத்திய களைப்பும் சேர்கின்றன. இத்தனைக்கும் பிறகு ஒருத்தி துள்ளிக் குதித்தால்தான் வியப்பு.

இது கைப்பேசிக் காலத்துப் பெண்களுக்கு மட்டும் வந்த புது நோயும் அன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை எந்த இடத்தில் தொடங்குகிறது, தெரியுமா? விழாவில் அன்று, விழா முடிந்த மறுநாளில். ஊரெல்லாம் கொண்டாடி ஓய்ந்த பிறகு, அங்கே இன்னும் கிடைக்கக்கூடிய சோற்றுக்கு ஆசைப்படாமல், வேறு ஊர் நோக்கிக் கிளம்பும் ஒரு கலைஞனை அழைத்துத்தான் முடத்தாமக் கண்ணியார் தம் பாட்டைத் தொடங்குகிறார். கரிகால் வளவனின் பெருமையைப் பாட வந்த புலவருக்கு, தொடங்குவதற்கு இந்த வெறுமையான நாள்தான் கிடைத்திருக்கிறது. தமிழ் ஐயா இதனை வகுப்பில் விளக்கியபோது என் துயரத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது என்று அறிந்து, பாதிச் சுமை இறங்கியதைப் போல உணர்ந்தேன்.

எங்கள் மலையில் இந்த மறுநாளை ஆண்டுதோறும் கண்ணால் காணலாம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடிப் பதினெட்டை ஒட்டிச் செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறது. குதிரைமேல் அமர்ந்த ஓரியின் சிலைக்கு மாலை, கலை நிகழ்ச்சிகள், கடைகள், மக்கள் வெள்ளம் என்று ஊரே மாறிவிடும். அது முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் போனால் மூங்கில் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். காகிதத் தட்டுகள் காற்றில் உருளும். சிறுவயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அப்போது என்னை யாரும் கொழுப்பு என்று சொல்லவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே, துயரப்படுவது தவறன்று என்பது என் முதற் கருத்து. பெற்றோர்களே, அருட்சகோதரியர்களே! நாங்கள் அப்படி வாடியிருக்கும்போது தயவுசெய்து சிரிக்காதீர்கள். பெரும்பாலும் சில நாள்களில் அது தானே கரைந்துவிடும். கரையாமல், உணவும் உறக்கமும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேலும் ஒருத்தி ஒடுங்கியே இருந்தால், அதற்குக் காரணம் கச்சேரி மட்டும் அன்று என்று கொள்ளுங்கள். அப்போது அவளுக்குத் தேவை ஏச்சன்று. அருகில் அமர்ந்து கேட்கும் ஒருவரும், வேண்டுமானால் மருத்துவரும்.

ஆனால் தோழியரே, என் இரண்டாவது கருத்து நமக்கு. துயரம் தவறன்று, அது எதுவாக மாறுகிறது என்பதில்தான் தவறு இருக்கிறது.

அன்று விடியற்காலையில் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் இருந்தார். இரவெல்லாம் அவரும் சரியாக உறங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சூடாகக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "எப்படிக் கண்ணு இருந்தது?" என்று ஆவலோடு கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். புகை படிந்த சுவர். மூலையில் சாமை மூட்டை. முந்தைய இரவின் விளக்குகளுக்குப் பிறகு அந்த வீடு எனக்கு மிகவும் சிறியதாகத் தெரிந்தது. "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. நான் போட்டிருந்த செருப்பை எடுத்து மண்ணைத் தட்டி வைக்கும் ஓசை மட்டும் கேட்டது.

அந்த நுழைவுச் சீட்டு என் அப்பா விற்ற இரண்டு கிலோ மிளகின் விலை. மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து அதைப் பறித்தவர்களுள் அம்மாவும் ஒருவர். அந்தப் பாட்டை எனக்கு வாங்கித் தந்தவரிடம், அந்தப் பாட்டு உனக்குப் புரியாது என்று சொன்னேன். நான் எழுத வந்ததே இதைத்தான். கச்சேரிக்குப் பின் வரும் துயரம் கண்ணீராக இருக்கும் வரையில் குற்றமில்லை. அது நம் வீட்டையும் ஊரையும் இளக்காரமாகப் பார்க்கும் பார்வையாக மாறும்போதுதான் குற்றம்.

ஆகஸ்டு 6-ஆம் நாள் ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. ஓரி விழா முடிந்த சில நாள்களிலேயே அது வருகிறது. நான் அறப்பளீசுவரரைக் கும்பிடும் வீட்டில் பிறந்தவள். ஆனாலும் அன்று காலைச் சிந்தனையில் அருட்சகோதரி விளக்கிய நற்செய்தி என்னை உலுக்கியது. மலையுச்சியில் இயேசு பெருமானின் முகம் ஒளிர்கிறது. அதைக் கண்ட பேதுரு, இங்கேயே மூன்று கூடாரங்கள் அமைத்துவிடலாமே என்கிறார். கச்சேரி முடியவே கூடாது என்று நாம் நினைத்தோமே, அதே நினைப்புத்தான்! ஆனால் ஒளி மறைகிறது; கீழே இறங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் அவர்கள் இறங்கி வந்தபோது அடிவாரத்தில் யார் காத்திருந்தார் என்பதை லூக்கா எழுதி வைத்திருக்கிறார். நோயுற்ற தன் ஒரே மகனுக்காகக் கதறும் ஒரு தந்தை. மேலே கண்ட ஒளி உண்மையானதா என்பது, கீழே காத்திருந்தவரிடம் நடந்துகொண்ட விதத்தில்தான் தெரிகிறது. எனக்கு மட்டும் பாதை தலைகீழ். கச்சேரி கீழே நடந்தது. காத்திருந்தவர் மலைமேல் இருந்தார். நானோ அவரை விலக்கிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மேடையில் நின்றவர்களையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடியபோது 55,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். இரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் பாட்டுச் சரிவரக் கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியோடு அவர்கள் ஊர் ஊராகச் சென்று பாடுவதையே நிறுத்திக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்தில் உழைக்கப் போய்விட்டார்கள். நமக்கு வாழ்நாள் முழுதும் நீள வேண்டும் என்று தோன்றிய மாலை, அவர்களுக்கு ஓர் உழைப்பு நாள். அவர்களுக்கும் மறுநாள் உண்டு. பொருநராற்றுப்படையின் கலைஞனைப் போல அடுத்த ஊர் உண்டு. அவர்கள் நடக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் அந்தத் திடலிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டும்?

பின் என்ன செய்வது? அடுத்த கச்சேரிக்குச் சீட்டு வாங்குவது மருந்தன்று. மிளகு அவ்வளவு விளையாது. கைப்பேசியில் பிடித்துவந்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் மருந்தன்று. நான் அதைப் பல நாள் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டு இன்னும் சிறுத்துத்தான் போயிற்று.

புறநானூற்றில் வன்பரணர் எங்கள் ஓரியைப் பாடிய ஒரு பாட்டு உண்டு. ஓரியின் கொடையைக் காணச் சென்ற கூத்தர் கூட்டம், மணிகள் கோத்த குவளைப் பூவும் அணிகலனும் யானைகளும் பெற்றுத் திரும்புகிறது. இனிப் பசியே இல்லை என்பதாலோ என்னவோ, அவர்கள் ஆடுவதையும் விட்டார்கள், பாடுவதையும் மறந்தார்கள் என்கிறார் புலவர். ஓரியின் வள்ளன்மையைப் புகழ அவர் அப்படிச் சொன்னார். எனக்கோ அதில் என் முகம் தெரிந்தது. பெற்றுக்கொண்டு வந்தவள் பாட மறந்தாள்.

இதற்கு மாற்றும் நம் பழைய நூல்களிலேயே இருக்கிறது. ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் பரிசு பெற்று வருகிறவன், வழியில் எதிர்ப்படும் இன்னொருவனுக்கு, "நான் கண்டது இது, பெற்றது இது, நீயும் இவ்வழியே போ" என்று எடுத்துச் சொல்வது. பெற்ற இன்பத்தைப் பெட்டியில் பூட்டிவைத்து அழாமல், பிறருக்கு வழியாக்குவது. இதைவிட நல்ல மருந்தை நான் கேள்விப்படவில்லை.

ஆடி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். மேடை எப்படி இருந்தது, எந்தப் பாட்டு முதலில் வந்தது, எந்த இடத்தில் எல்லாரும் அழுதோம் என்று முழுவதும் சொன்னேன். அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த அழுத பாட்டைப் பாடேன்" என்றார். வெட்கத்தோடு பாடினேன். முடித்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மா செத்த வருசம் நடவுல இப்படித்தான் ஒரு பாட்டு வந்து தொண்டையை அடைச்சுது" என்றார். பிறகு அந்தப் பாட்டை அவர் பாடினார். பதினேழு ஆண்டுகளாக அதே வீட்டில் இருந்தும், என் அம்மா பாடுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"உனக்குப் புரியாது" என்று நான் சொன்னதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வரும்போது அம்மாவுக்கு நானே இதைப் படித்துக் காட்டுவேன்.

தோழியரே! நல்ல இசையை நாடிச் செல்லுங்கள். முடிந்ததும் அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவுடன், எப்படி இருந்தது என்று கேட்பவருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, வளப்பூர் நாடு