தெமோதரைப் பாலத்தைக் கட்டியவர் யார்?

எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் காணாதவர் இன்று நம் நாட்டில் அரியர். வெளிநாட்டுப் பயணிகள் அதைத் தேடி வருகின்றனர். விளம்பரக்காரர்கள் அதைக் காட்டி வணிகம் செய்கின்றனர். ஆனால் அப்பாலத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால் இரண்டே விடைகள் கிடைக்கின்றன. பிரித்தானியப் பொறியியலாளரின் மதிநுட்பம் என்பது ஒன்று. அப்புஹாமி என்னும் கிராமத்தவரின் தனித்திறமை என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றும் இவ்விரு விடைகளும் உண்மையில் ஒரே வேலையைச் செய்கின்றன: கல் உடைத்தோரையும் கலவை சுமந்தோரையும் வரலாற்றிலிருந்து அப்புறப்படுத்துகின்றன.

உலகப் போருக்காக உருக்கு திருப்பப்பட்டது, துரைமார் கைவிரித்தனர், அப்புஹாமி பெரும்பாறைகளைப் பள்ளத்தில் உருட்டி, அவற்றின்மேல் உருக்கே இல்லாமல் பாலத்தை எழுப்பினார் என்பது கதை. அடிமைப்பட்டிருந்த ஒரு மக்கள் தம் தன்மானத்துக்காகச் சொல்லிக்கொண்ட கதை அது. அந்த உணர்ச்சியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும் போர் முடிந்தது 1918இல். பாலம் எழுந்தது 1919க்கும் 1921க்கும் இடையில். 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, வரைபடங்களோடு, இதனை ஒரு கொங்கிரீட் பாலமாகவே விவரிக்கிறது. உருக்கு இல்லாமல் வளைவு நிற்பதிலும் மாயம் எதுவுமில்லை. மேலிருந்து இறங்கும் பாரம் வளைவின் வழியே இருபுறமும் பரவித் தூண்களைச் சேர்கிறது. அழுத்தமே அதன் வலிமை. முப்பது அடி அகலமுள்ள ஒன்பது வளைவுகள், ஏறத்தாழ 300 அடி நீளம், 80 அடி உயரம் — இவை யாவும் கணக்குக்கு உட்பட்டவை.

ஆனால் எந்த வளைவும் முதல் நாளே தன் காலில் நிற்பதில்லை. கலவை இறுகி வளைவு முழுமை பெறும்வரை அதன் முழுப் பாரத்தையும் அடியில் கட்டிய சாரமே தாங்குகிறது. வளைவு உறுதிப்பட்டதும் சாரத்தைக் கழற்றி எறிந்துவிடுவர். பின்னர் வருவோர் வளைவை வியப்பர். சாரம் இருந்த சுவடும் அவர்கள் கண்ணில் படாது. இந்நாட்டுப் புகையிரதப் பாதையின் வரலாறே இதுதான் என்கிறோம்.

முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடியது 1864இல். எமது கேகாலை மாவட்டத்து இறம்புக்கனையைக் கடந்து, கடுகண்ணாவை மலையேறி, 1867இல் அது கண்டியை அடைந்தது. எதற்காக? மலையில் விளைந்த கோப்பியைக் கப்பலில் ஏற்றுவதற்காக. அக்கோப்பியைப் பறித்தவர்களோ மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாக வந்தவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களுள் பலரை வழியிலேயே விழுங்கின. தலைமன்னாருக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1914இல்தான். கோப்பி மூட்டைக்கு 1867இல் கிடைத்த வண்டி, மனிதன் இறங்கிய கரைக்கு வர மேலும் 47 ஆண்டுகள் சென்றன! இதைவிடத் தெளிவாக ஒரு ஆட்சி தன் மனத்தைத் திறந்து காட்ட முடியுமா?

ருவான்வெல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இப்பாடம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களனிப் பள்ளத்தாக்கின் தேயிலையையும் இறப்பரையும் கொண்டுசெல்ல, இரண்டரை அடி அகலச் சிறுபாதை யட்டியாந்தோட்டை வரை போடப்பட்டது. 1942இல் அவிசாவளைக்கு அப்பாலிருந்த அந்தப் பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டது. எசமானனின் தேவைக்காகப் போட்ட பாதை, அவன் கணக்கில் பயனற்றபோது மறைந்தது. அதை நம்பி வாழ்ந்த மக்களிடம் எவர் கேட்டார்?

தண்டவாளத்துக்கு நேர்ந்ததே மனிதருக்கும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கிய அதே கோச்சி, அப்பெட்டிகளை நிரப்பியவர்களையும் இறக்கித் தலைமன்னாருக்குக் கொண்டுபோனது. நாடற்றவராக எஞ்சியோருக்கு முழுமையான தீர்வு கூற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. வளைவு இறுகிவிட்டது, சாரம் கழற்றப்பட்டது.

“பாலத்தில் உழைத்தவர் சிங்களவரா, தமிழரா என்று பிரிக்கப் பார்க்கிறீர்களா?” எனச் சிலர் கேட்கக்கூடும். இனக்கணக்கு எடுக்க நாம் வரவில்லை. பெயரற்றுப்போன சிங்களக் கிராமத்தவனும் பெயரற்றுப்போன தமிழ்த் தொழிலாளியும் ஒரே அணியில் நிற்பவர்கள். அவர்களைப் பிரிப்பது, ஒரு துரையையோ ஒரு வீரனையோ மட்டும் மேடையேற்றும் வரலாறுதான். அப்புஹாமிக்கு உரிய புகழைக் குறைக்க வேண்டியதில்லை. அவரோடு தோள் கொடுத்தவர்களும் அப்புகழில் பங்குடையவர்கள் என்று சொன்னால் போதும்.

ஆதலால் நாம் கேட்பவை இரண்டு. முதலாவது, பாலத்தருகே மூன்று மொழிகளிலும் ஓர் உண்மையான கல்வெட்டு வேண்டும். கட்டுக்கதையை நீக்கி, ஆண்டையும் அளவையும் உழைத்தோரையும் அது கூறட்டும். புகையிரதத் திணைக்களமும் சுவடிக்கூடமும் தம் பழைய ஏடுகளைத் திறந்து, கிடைக்கும் பெயர்களை வெளியிடட்டும். இரண்டாவது, கல்வெட்டோடு கடன் தீர்ந்துவிடாது. தண்டவாளத்தின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயங்களில் வாழ்கின்றனர். பெருந்தொகையினருக்குத் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லை. பாலத்தைப் படமெடுத்து நாடு வருமானம் தேடுகிறது. அந்த மலையைத் திருத்தியவர்களுக்கு ஒரு துண்டு மண்ணை எழுதிக்கொடுக்க மட்டும் அதற்குக் கை வரவில்லை.

மரச்சாரத்தைக் கழற்றலாம், அதுதான் கட்டிட விதி. சாரமாய் நின்ற மனிதரைக் கழற்றி எறிய எந்த விதியும் இடம் தரவில்லை.