திருப்புளிக்கு இடம் தராத பொருள்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஜெயங்கொண்டம் நான்கு ரோட்டை அடுத்த கடைவீதியில், ஒரு மேஜையையும் அதன்மேல் தாழத் தொங்கும் ஒரு விளக்கையும் தவிர வேறு மூலதனம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாத ஒரு பழுதுபார்க்கும் கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, ஆண்டிமடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் ஒயர் கூடையிலிருந்து ஒரு மிக்சியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அரசாங்கம் வழங்கிய மிக்சி அது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த முத்திரை பாதிக்குமேல் உரிந்துபோயிருந்தது. கடைக்காரர் அதைக் கவிழ்த்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி, அடித்தட்டை எடுத்ததும் முதற்காரியமாகக் குனிந்து முகர்ந்து பார்த்தார். செம்புக் கம்பியின் மேற்பூச்சு கருகியிருந்தால் அந்த நெடி மூக்கில் ஏறும். ஏறவில்லை. ஒரு சிறு மூடியைத் திருகி எடுக்கவும், சுருள்வில்லின் நுனியில் உளுந்தளவுக்குத் தேய்ந்துபோன ஒரு கரித்துண்டு வெளியே வந்தது.

“காயிலுக்கு ஒண்ணும் ஆகலம்மா. கார்பன்தான் தேஞ்சுபோச்சு.”

“அரைக்கிறப்ப பொறி பொறியாப் பறந்துச்சு தம்பி. அவ்வளவுதான், போச்சுன்னு நெனச்சேன்.”

இரண்டு புதிய கார்பன்களைப் பொருத்தி, கறுத்திருந்த செம்புப் பட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, அவர் பொத்தானைத் திருப்பியபோது கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மாள் ஜாரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, திருப்தியடைந்த பிறகே முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

அவர் படியிறங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு டிவிஎஸ் ஐம்பதில் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் போர்வையில் சுற்றிய ஒரு பெரிய தொலைக்காட்சியை, காய்ச்சல் கண்ட குழந்தையை ஏந்துவதுபோல் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார். இரண்டு முந்திரி சீசனுக்கு முன்னால் தவணையில் வாங்கியது. கடைசித் தவணை கட்டி நான்கு மாதமாகிறது. உத்தரவாதமோ ஒரு வருஷத்தோடு முடிந்தது. கடைக்காரர் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். திரையின் ஒரு பாதி இருண்டும் மறுபாதி கோடு கோடாகவும் தெரிந்தது. “பேனல் போயிருச்சுங்க. அதை நாம திறந்து ஒண்ணும் செய்ய முடியாது. பேனல் விலையோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம்” என்றார். அவர்கள் அதிகம் பேசவில்லை. கொண்டுவந்த போர்வையிலேயே அதைச் சுற்றி, வந்தபடியே மடியில் ஏந்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஒரே பிற்பகலில், ஒரே மேஜைமேல் கண்ட இந்த இரண்டு காட்சிகளையும் வைத்துக்கொண்டுதான் இவ்விதழின் தலையங்கத்தை எழுதுகிறோம்.

மின்சாதனங்களை வாங்கும் ஜனங்களைப் பற்றிப் படித்தவர்கள் மத்தியில் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவிவருகிறது. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதியளிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் வழங்கப்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள், பெரம்பலூர் மாவட்டத்தோடு இருந்த நம் வட்டாரம் 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர் மாவட்டமாகப் பிரிந்த அந்த நாட்களில், லாரி லாரியாக நம் கிராமங்களுக்கு வந்து இறங்கியபோது, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, ‘கூரைக்கு ஓலை இல்லாதவனுக்குக் கலர் டிவி எதற்கு?’ என்று கேட்டவர்களை நாம் அறிவோம். மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 1.6 கோடிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அதன்பின் 2011 செப்டம்பர் முதல் மிக்சியும் கிரைண்டரும் மேஜை மின்விசிறியும் வந்தபோதும் அதே கேள்வி வேறு சொற்களில் வந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஜூலை 5-ஆம் தேதி நீதிபதிகள் சதாசிவமும் ரஞ்சன் கோகோயும், இத்தகைய தேர்தல் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று தீர்ப்பளித்தார்கள்; கூடவே, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கும் சொன்னார்கள். சட்டத்தின் விவகாரம் அவ்வளவில் நிற்கட்டும். அம்மியின் முன் குந்தி உட்கார்ந்து மிளகாய் அரைத்து உள்ளங்கை எரிச்சல் அடங்காமல் மறுநாள் களையெடுக்கப் போன ஒரு பெண்ணுக்கு மிக்சி எதற்கு என்று கேட்பவர், அந்த அம்மியின் முன் ஒரு நாளேனும் உட்கார்ந்திருக்கமாட்டார் என்பதே நமது திடமான எண்ணம்.

நம் ஜனங்கள் சாதனங்களின் அருமை தெரியாதவர்கள் என்ற பேச்சையும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். வாரியங்காவல், இலையூர்ப் பக்கத்தில் குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த நெசவாளிக்கு, கண்ணும் கையும் காலும் தறியிலேயே கட்டுண்டு கிடக்க, காது ஒன்றுதான் சுதந்திரமாக இருந்தது. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும் கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் அந்தக் காதுக்குத்தான் எத்தனை ஆண்டுகள் துணையிருந்தன! வானொலி வைத்திருக்கத் தபாலாபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. கட்டணத்தையும் கட்டி, பெட்டிக்கு உறை தைத்துப் போட்டு, பொங்கலுக்குப் பெட்டியின் முதுகைத் திறந்து தூசி தட்டிய வீடுகள் நம் பக்கத்தில் அநேகம். அந்நாளைய வால்வு ரேடியோக்கள் சிலவற்றில் பின்மூடியின் உட்புறத்திலேயே மின்சுற்றின் வரைபடத்தை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். இந்தப் பெட்டி ஒரு நாள் கெடும், அப்போது யாரோ ஒருவர் இதைத் திறப்பார், அவருக்கு இது உதவட்டும் என்று, முகம் தெரியாத ஒரு கைத்தொழிலாளியை மனத்தில் வைத்து, செய்தவன் எழுதி அனுப்பிய கடிதமாகவே அந்த வரைபடத்தை நாம் கருதுகிறோம். பின்னாளில் சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அந்த மரபில் வந்தவையே. பிக்சர் டியூப் நீங்கலாக மற்ற உறுப்பு எது பழுதானாலும் ஜெயங்கொண்டத்துக் கடைவீதியிலேயே மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை வாங்குபவனுக்கும் இருந்தது, விற்பவனுக்கும் இருந்தது.

இன்று நாடெங்கும் பரவியுள்ள மிக்சியின் பிறப்பே பழுதுபார்க்க இயலாத ஒரு பொருளிலிருந்துதான் நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். 1960-களில் பம்பாயில் சத்தியப் பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி உபயோகித்துவந்த வெளிநாட்டு மிக்சியின் மோட்டார், நம் நாட்டு அரைப்பின் கடுமையைத் தாங்காமல் எரிந்துபோக, அதைச் சீர்செய்ய வழியில்லாத நிலையில், நம் மசாலாவையும் தேங்காயையும் தாங்கக்கூடிய வலுவுள்ள மோட்டாரோடு அவர் செய்ததே சுமீத் மிக்சி. அதற்கும் முன்பே, 1955-இல், கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு பிணைத்துக் கிரைண்டரைச் செய்திருந்தார். இவர்கள் இருவரும் சமையலறையிலிருந்து சிந்திக்கத் தொடங்கியவர்கள். தெருவில் கூவிக்கொண்டு வந்து அம்மி கொத்திக் கொடுத்தவரின் உளிக்கு அம்மி எப்படி இடங்கொடுத்ததோ, அப்படியே அவர்கள் செய்த பொருளும் கடைவீதிக்காரரின் திருப்புளிக்கு இடங்கொடுத்தது. தேய்வது எதன் இயல்போ அதை மாற்றிக்கொள்ளும்படி வைப்பதே தொழில் தர்மம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பொருள் கெடுவதற்கு வாங்கியவரின் அஜாக்கிரதையே காரணம் என்று சேவை மையங்களில் சொல்லப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்மாற்றிக்கு வெகு தொலைவில், கம்பியின் கடைசிக் கம்பத்தை அடுத்துள்ள வீட்டுக்கு, பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் வேளையில் வந்துசேரும் மின்னழுத்தம் பல நாட்களில் 180 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிரைண்டரிலும் குளிர்பெட்டியிலும் உள்ள மோட்டார், அழுத்தம் குறையக் குறைய, தன் பாரத்தைச் சுமக்க அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள் சூடேறும். அந்தச் சூட்டில்தான் காயில் கருகும். பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று 1990-களில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலங்களைக் கையகப்படுத்தி, முந்திரித் தோப்புக்காரர்களைப் பல வருஷ காலம் நீதிமன்றப் படியேற வைத்து, கடைசியில் நிலையமே வராமற்போன ஊர் இது. அந்த ஊரின் பெண்மணியிடம், ‘ஸ்டெபிலைசர் வைக்காதது உங்கள் தப்பு’ என்று சொல்வதற்கு எவருக்கும் நியாயம் இல்லை.

ஆனால் வாங்குகிறவர்களிடமும் நாம் மனம் விட்டுச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்வரிசை என்ற பெயரில் மண்டபத்து வாசலில் அடுக்கப்படும் குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் பெண்ணின் சௌகரியத்துக்காக வாங்கப்படுவன அல்ல. பார்க்கிறவர் கண்ணுக்காக வாங்கப்படுவன. தண்ணீர்க் குழாயே இல்லாத வீட்டுக்குத் தானியங்கிச் சலவை இயந்திரம் போய்ச் சேர்ந்து, துணி மடித்து வைக்கும் மேஜையாக நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். ஒரு வீட்டில், கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்தும் குளிர்பெட்டிக் கதவின் கண்ணாடித்தாளை உரிக்கவில்லை. தாளின் அடியில் ஈரம் தங்கித் துரு ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்காகப் பெண்ணின் தகப்பனார் வாங்கிய கடன் அப்போதும் தீர்ந்தபாடில்லை. இவ்வழக்கத்தை நாம் வெறுக்கிறோம். வேண்டியதை வேண்டிய காலத்தில், தன் உழைப்பின் காசைக் கொண்டு, தானே தேர்ந்து வாங்கும் பெண்ணையோ அவள் ஆசையையோ இந்த வெறுப்பு தொடாது.

இனி அந்தப் போர்வையில் சுற்றிய பெட்டிக்கு வருவோம். இன்றைய தொலைக்காட்சியில் திரைதான் பொருள். மற்றவை அதன் உபாங்கங்கள். ஒளி தரும் சிறு விளக்குப் பட்டைகளை நம் கடைவீதியிலேயே மாற்றித் தருகிறார்கள். மின்வழங்கிப் பலகையையும் சீர்செய்கிறார்கள். பேனலின் விளிம்பில், மயிரிழையினும் நுண்ணிய கம்பிகளைத் தாங்கி ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பட்டைகள் விட்டுப்போனாலோ, நகரத்துப் பெரிய கருவிகள் இன்றி எவராலும் கைவைக்க முடியாது. கைபேசியின் மின்கலத்தைப் பசையால் ஒட்டி அனுப்புகிறார்கள். நகத்தால் மூடியை நெம்பி எடுத்து, மின்கலத்தைத் துடைத்துப் போட்ட கைபேசி நம் சட்டைப் பைகளில் இருந்து வெகு காலம் ஆகிவிடவில்லை. மெலிவுக்காகவும் தண்ணீர் புகாமைக்காகவும் இப்படிச் செய்கிறோம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் ஒரு வருஷ உத்தரவாதத்தோடு விற்கப்படும் பொருளை வாங்க ஒன்றரை வருஷத் தவணை கட்டுகிறவன், பொருள் செத்த பிறகும் கடனைக் கட்டிக்கொண்டிருக்க நேரலாம் என்பதை விற்கும்போதே சொல்லிவிடக் கடமைப்பட்டவர் யார் என்பதுதான் நமது கேள்வி.

உத்தரவாதம் கடந்தபின் பழுதுபார்க்க வழியில்லாமற்போவது நம் வீட்டிலேயே நேர்ந்தது. மூன்றாம் வருஷத்தில் நின்றுபோன ஒரு பெட்டிக்காகக் கம்பெனியின் ஆள் கும்பகோணத்திலிருந்து வந்தார். வந்துபோனதற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு, அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் நமக்குக் கோபம் இல்லை. அவர் கையில் திருப்புளி இருந்தது, மாற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் உள்ள விதியின்படி, ஒரு தொலைக்காட்சி மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 வருஷம் அதன் முக்கிய உதிரிபாகங்களைப் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கச்செய்ய வேண்டும். பிரெஞ்சு தேசத்தில் அவ்வாண்டு ஜனவரி முதல், பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக, விலைக்குப் பக்கத்திலேயே காட்டும்படி செய்தார்கள். நமது மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, டிசம்பர் 24 அன்று ஓர் இணைய வாசலையும் திறந்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் கம்பெனியின் சேவை மைய விலாசத்தை அறிந்துகொள்வது வேறு, கடைவீதிக்காரரின் கைக்கு உதிரிபாகம் வந்துசேர்வது வேறு. ஆண்டிமடத்து அம்மாளுக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும்.

ஆகவே நம்மால் இயன்ற ஒரு சிறு காரியத்தை மேற்கொள்கிறோம். அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தை ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், உடையார்பாளையம், அரியலூர்ப் பகுதிகளின் மெக்கானிக்குகளுக்கு ஒதுக்குகிறோம். எந்த மாடலைத் திறக்க முடிகிறது, எதற்கு உதிரிபாகம் வருகிறது, எது திறந்த கையோடு மூடவேண்டியதாயிற்று என்று தம் கைப்பட அவர்கள் எழுதி அனுப்பலாம். எழுத நேரமில்லாதவர்கள் சொல்லி அனுப்பினால் நாமே கடைக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். முதல் குறிப்பை அந்தக் கடைவீதிக்காரர் கொடுத்துவிட்டார். பதின்மூன்று மிக்சிகளும் நான்கு தொலைக்காட்சிகளும் கொண்ட அந்தப் பட்டியலில், மிக்சிகளில் பன்னிரண்டுக்கு நேராக ‘ஆகும்’ என்று எழுதியிருக்கிறார். தொலைக்காட்சிகளில் ஒன்றுக்கு மட்டும் ‘ஆகும்’.