சப்பாத்தின் பெயரும் சப்பாத்தின் சோலும்



கொஞ்சம் நீளமான பதிவு. புதுத் தவணைக்குப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் உடுப்பும் வாங்கப் போவதற்கு முன் வாசித்தால் பிரயோசனமாக இருக்கும். இதில் "நாங்கள்" என்பது ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் சில ஆசிரியர்கள். ஒருவர் எழுதினார், மற்றவர்கள் பார்த்துத் திருத்தினார்கள். அதிபருக்கும் காட்டினோம்.

போன தவணையில் ஒரு மாணவன் தொடர்ந்து நான்கு நாள் வரவில்லை. யாரென்று தேட வேண்டாம், அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறோம். ஐந்தாம் நாள் பின்னேரம் வீட்டுக்குப் போனோம். உம்மா "காய்ச்சல் சேர்" என்றார். காய்ச்சல்காரன் பின் வளவில் பந்தடித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னது சின்னத் தங்கச்சிதான். "நானாட சப்பாத்து வாயப் பொளந்துட்டு சேர்" என்று சொல்லிக் கையோடு கொண்டுவந்தும் காட்டினாள்.

கறுப்புச் சப்பாத்து. பக்கவாட்டில் பெரிய வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் அடையாளம். முன்பக்கத்துச் சோல் முழுதாகக் கழன்று தொங்கியது. வாங்கி இரண்டரை மாதம். வாப்பா கடலுக்குப் போகிறவர். தோணி முதலாளியிடம் அட்வான்ஸ் எடுத்து 6,500 ரூபா கொடுத்து வாங்கியிருக்கிறார். திரும்ப வாங்க வழியில்லை, கிழிந்ததைப் போட்டுக்கொண்டு வரப் பிள்ளைக்கு வெட்கம்.

இவ்வளவு கஷ்டத்திலும் ஏன் 6,500 ரூபாச் சப்பாத்து என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பதில் எங்கள் வகுப்பறைக்குள்தான் இருந்தது.

அவன் ஒரு சின்னப் பாடசாலையிலிருந்து எங்களிடம் வந்தவன். மாணவர் தொகை 250ஐத் தாண்டாத பாடசாலைகளுக்கு அரசாங்கம் 3,000 ரூபா சப்பாத்து வவுச்சர் கொடுத்தது ஞாபகமிருக்கும். அந்த வவுச்சரில் எடுத்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் முதல் நாள் வந்தான். அதைப் பற்றி எங்கேயோ வாய் தவறிச் சொல்லிவிட்டான் போல. அன்றிலிருந்து வகுப்பில் அவனுக்குப் பெயர் "வவுச்சர்". எங்களில் பலருடைய காதிலும் அது விழுந்திருக்கிறது. எங்களில் ஒருவர் இடாப்புக் கூப்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார். பகிடி என்று நினைத்தோம். அந்தப் பகிடிக்கு 6,500 ரூபா கட்டியது ஒரு மீனவ வாப்பா.

இனிப் பஸாருக்கு வருவோம். இதை அறிந்த பிறகு ஒரு சனிக்கிழமை கல்முனையில் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். ஆண்பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்துக்கு நாங்கள் கேட்ட விலைகளை மட்டும் சொல்கிறோம், உங்கள் ஊரில் கொஞ்சம் கூடிக் குறையலாம். மிக மலிவானது 1,800 ரூபா. இந்த நாட்டிலேயே பல காலமாகப் பாடசாலைச் சப்பாத்துச் செய்துவரும் கம்பனிகளுடையது 3,600 தொடக்கம் 4,500 வரை. அதற்கு மேலே வெளிநாட்டுப் பெயர் போட்டவை 6,000, 7,000. உண்மையான வெளிநாட்டுச் சப்பாத்து இந்த விலைக்கு வராது. அது கடைக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் பாதி தெரியும். "கொப்பிதான், ஆனா நல்ல கொப்பி" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவரையாவது பாராட்டலாம், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இதை விற்கிறவர்களில் அதிகம் பேர் எங்கள் ஆட்கள். வியாபாரத்தில் குறையை மறைக்கக் கூடாது என்று ஜும்ஆவில் முன் வரிசையில் இருந்து கேட்கிறவர்கள். இதற்கு மேல் எழுதினால் சண்டைக்கு வருவார்கள், விடுவோம்.

மலிவா, பிராண்டா என்று ஊரில் பேசும்போது இரண்டே கட்சிதான் இருப்பதுபோல் பேசுகிறோம். ஒரு கட்சி, "எதுக்குப் பிராண்ட், இருக்கிறதிலே குறைஞ்சதை எடுங்க" என்கிறது. மற்றக் கட்சி, "காசைப் பார்க்காம நல்லதா எடுங்க, உழைக்கும்" என்கிறது. இரண்டுமே பிழை என்பதுதான் எங்கள் எண்ணம். 1,800 ரூபாச் சப்பாத்து தவணைக்கு ஒன்று வேண்டும். வருடத்துக்கு மூன்று தவணை, 5,400 ரூபா. 3,600 ரூபாவுக்கு எடுத்தது ஓடியாடும் பிள்ளைக்கும் ஒரு வருடம் வரும், காலும் வளராவிட்டால் அடுத்த வருடமும் கொஞ்சம் இழுக்கலாம். கையில் ஒரேயடியாக 3,600 இல்லாதவர்தான் 1,800க்குப் போகிறார், கடைசியில் கூடக் கொடுப்பவரும் அவர்தான். கொப்பியின் கதை இதைவிட மோசம். நடுத்தரச் சப்பாத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் விலை, மலிவுச் சப்பாத்தின் ஆயுள். அந்த மேலதிகக் காசு சோலுக்குப் போகவில்லை, பக்கத்தில் ஒட்டிய படத்துக்குப் போயிருக்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கும் ஒரு காக்காவிடம் அந்தப் பிள்ளையின் சப்பாத்தைக் கொண்டுபோனோம். சப்பாத்து பார்க்க அவரிடம் நாங்கள் படித்ததை அப்படியே தருகிறோம். சோலின் ஓரத்தைச் சுற்றி உண்மையான தையல் இருக்கிறதா என்று நகத்தால் கிளறிப் பாருங்கள். சிலவற்றில் தையல்போலக் கோடு மட்டும் அச்சடித்திருக்கும், உள்ளே வெறும் கம். முன்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். விரல் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுப்பகுதியில் மடிந்தால் அந்தச் சப்பாத்துக்கு உறுதியில்லை. மேல்தோலை வளைக்கும்போது மெல்லிய வெடிப்புக் கோடு விழுந்தால் மழைக்குத் தாங்காது. உள்ளே போட்டிருக்கும் மட்டை கழற்றக் கூடியதாக இருந்தால் நல்லது. மாரியில் நனைந்தால் அதைக் கழற்றித் தனியாகக் காயவைக்கலாம். நேர் வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்தால் கம் இளகிவிடும், நிழலில் கடதாசி அடைத்துக் காயவையுங்கள். பின்னேரம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். பிள்ளை காலை இழுத்து இழுத்து நடக்கும், முன்பக்கம் அடிபட்டு அங்கேதான் முதலில் பிரியும்.

காக்கா 400 ரூபாவுக்குச் சுற்றித் தைத்துத் தந்தார். "கம்பனிக்காரன் இந்தத் தையலைப் போட்டிருந்தா இது என்ட கைக்கு வந்திருக்காது" என்றார். தையலோடு அது இன்னும் ஓடுகிறது. தன் செருப்பைத் தானே தைத்துக்கொண்ட நபியின் (ஸல்) உம்மத்து நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தைத்த சப்பாத்து வெட்கமாக இருக்கிறது.

உடுப்பிலும் இதே கதைதான். இந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி 1993இல் இருந்து கிடைக்கிறது. 2015இன் கடைசியில் துணிக்குப் பதிலாக வவுச்சர் வந்தது, பிறகு திரும்பவும் துணியானது. 2025ஆம் ஆண்டுக்குத் தேவையான துணி முழுவதும் சீன அரசாங்கத்தின் அன்பளிப்பு. அதை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு, "அது மங்கல், மற்றப் பிள்ளைகளோட சேராது" என்று கடையில் மீற்றர் கணக்கில் பளீரென்ற வெள்ளைத் துணி எடுக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். வசதியிருந்தால் எடுங்கள், அது உங்கள் காசு. ஆனால் பளபளப்பைத் தரம் என்று நினைக்க வேண்டாம். முழுப் பொலியெஸ்டர் பளபளக்கும், சுருங்காது, எங்கள் வெயிலில் பிள்ளையை அவித்தும் எடுக்கும். கையில் பிடித்துக் கசக்கி விட்டுப் பாருங்கள். ஒரு மடிப்பும் விழாமல் நிமிர்ந்தால் அதில் பருத்தி கிட்டத்தட்ட இல்லை. ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நின்றால் வியர்வையும் அப்படித்தான் நிற்கும்.

பெண்பிள்ளைகளின் உம்மாமார் தடித்த துணியைத் தேடுவது ஏனென்று எங்களுக்கு விளங்குகிறது. வெள்ளை உடுப்பில் உள்ளே தெரியக் கூடாது. கடையின் வாசலுக்குத் துணியைக் கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வைத்துப் பாருங்கள். பருத்தி கலந்து நெருக்கமாக நெய்த துணியிலும் விரல் தெரியாது. அதற்காகப் பிளாஸ்டிக் போன்ற துணி தேவையில்லை. தைக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். மடிப்பைப் பிரித்து இறக்கினால் இன்னொரு வருடம் கிடைக்கும், டெயிலர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

"நல்லா உடுத்துறது பிழையா சேர்?" என்று ஒரு வாப்பா கேட்டார். பிழையில்லை. உடுப்பும் செருப்பும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையா என்று நபியிடம் (ஸல்) கேட்கப்பட்டதும், அல்லாஹ் அழகை விரும்புகிறவன் என்றும் பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகப் பார்ப்பதும் என்றும் அவர்கள் விளக்கியதும் எல்லோரும் அறிந்த ஹதீஸ். செருப்பு என்றே அதில் வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் பாடசாலையில் பெருமை இருந்தது பிராண்ட் சப்பாத்துப் போட்ட பிள்ளையின் காலில் அல்ல, "வவுச்சர்" என்று கூப்பிட்ட வாய்களில். ஆசிரியர் வாயும் அதில் ஒன்று.

ஆகவே பெற்றோருக்குப் புத்தி சொல்வதற்கு முன் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் காலைப் பார்த்து வரிசையிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இனி அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். சப்பாத்து இல்லாவிட்டால் செருப்போடு வரட்டும், காரணத்தைத் தனியாகக் கேட்போம்.

இல்ல விளையாட்டுப் போட்டியும் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் இல்ல நிறத்தில் ஏதாவது ஒரு டீசேர்ட் போதும், அதுவும் இல்லாதவனுக்குக் கையில் ஒரு ரிப்பன். இப்போது ஒவ்வொரு இல்லத்துக்கும் பெயரும் இலக்கமும் அச்சடித்த ஜேர்சி, ஆளுக்கு 2,000 ரூபா. அடுத்த வருடம் நிறம் ஒன்று, டிசைன் வேறு. காசு கட்டாத பிள்ளைகள் அன்றைக்கு வருவதில்லை, நாங்களும் இடாப்பில் வரவில்லை என்று போட்டுவிட்டுப் போட்டியை நடத்துகிறோம். ஓட்டத்தில் முதலாவதாக வரக்கூடிய ஒருவன் வீட்டில் இருந்திருக்கலாம். ஜேர்சிக்கு அனுசரணை தரும் பழைய மாணவர்களிடம் கேட்கிறோம்: ஒரே டிசைனை ஐந்து வருடத்துக்கு வையுங்கள், பெயர் அச்சடிக்க வேண்டாம். தம்பி நானாவுடையதைப் போட்டுக்கொள்வான்.

பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஸகாத் குழுவுக்கும் ஒரு விடயம். ரமழானில் ஆகக் குறைந்த விலைக்கு மொத்தமாகச் சப்பாத்து வாங்கி, வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்து, போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். எண்ணிக்கை கூடத் தெரியும், ஆனால் ஹஜ் பெருநாள் வரும்போது அந்தச் சோல் இருக்காது. பிள்ளைகளைக் குறைத்தாலும் பரவாயில்லை, உழைக்கும் சப்பாத்தைக் கொடுங்கள். இதைவிட நல்லது, ஒரு கடையில் பெயர்ப்பட்டியலை வைத்துவிடுங்கள். வாப்பாவோ உம்மாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மற்றவர்களைப்போலப் போய் அளவு பார்த்து எடுக்கட்டும், கடைக்கு நீங்கள் கட்டுங்கள். கையில் கடதாசி வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம்.

பிள்ளை இப்போது பாடசாலைக்கு வருகிறான். இடாப்பில் பகிடி பண்ணிய ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு மாப்புக் கேட்டார். பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை, இடைவேளையில் எங்கேயாவது கேட்கத்தான் செய்கிறது. அந்தப் பழைய வவுச்சர் சப்பாத்து என்னவானது என்று உம்மாவிடம் கேட்டோம். இவனுக்குக் கால் பெரிதாகிவிட்டதால் மாமியின் மகனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அவன் இன்னும் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான்.

நூலகத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு அலுமாரி வைத்திருக்கிறோம். சின்னதாகிப்போன, ஆனால் இன்னும் உழைக்கக்கூடிய சப்பாத்து, காற்சட்டை, சேர்ட், ஷல்வார், பர்தா இருந்தால் கழுவிக் கொண்டுவந்து தாருங்கள். தேவையானவர்கள் எடுக்கலாம், கொண்டுவந்து மாற்றியும் கொள்ளலாம். எடுத்தவர் பெயரை எழுத மாட்டோம். எங்கள் சொந்தப் பிள்ளைகளின் உடுப்பைத்தான் முதலில் வைத்திருக்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்கும் அதிலிருந்துதான் எடுக்கப் போகிறோம். ஞாயிறும் புதனும் பாடசாலை விட்ட பிறகு, அஸர் வரை திறந்திருக்கும். பெண்பிள்ளைகளின் உடுப்பு நிறைய வந்திருக்கிறது. ஆண்பிள்ளைகளின் சப்பாத்தில் 5, 6 அளவுகள்தான் இன்னும் ஒன்றுகூட இல்லை.