சிக்னல் காப்போரின் ஓய்வு

இரவு வண்டியில் படுக்கையை விரித்துக் கண்ணயரும் பிரயாணி, தம் பிராணனை டிரைவரிடமும் கார்டிடமும் ஒப்படைத்ததாக எண்ணுகிறாரேயன்றி, அவ்விருவருக்கும் வழி சொல்லும் சிக்னலைப் பழுதின்றிப் பேணும் டெக்னீஷியன் ஒருவர் உண்டென்று நினைப்பதில்லை.

தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தை வண்டிச் சக்கரங்கள் தம் வழியே திருப்பிவிட, ரிலே எனும் மின்காந்த சுவிட்ச் விழுந்து சிக்னல் சிவப்பாவதே டிராக் சர்க்யூட்டின் சூட்சுமம். 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வகுத்த இம்முறையில், கம்பி அறுந்தாலும் பாட்டரி தீர்ந்தாலும் அதே சிவப்புதான் எரியும். தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் இத்தகைய யந்திரத்தையும் பொய் சொல்ல வைத்துவிடுவது, தவறான இடத்தைத் தொடும் ஒரு கம்பி.

லண்டனில் கிளாபம் சந்திப்பருகே, ரிலேயிலிருந்து கழற்றிய பழைய கம்பியின் முனையை வெட்டாமலும் டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டாமலும் ஒரு டெக்னீஷியன் விட்டுவிட, பின்னர் நடந்த வேறு வேலையில் அசைந்த அக்கம்பி பழைய இடத்தையே தொட்டது. 1988 டிசம்பர் 12 காலை, முன்னே வண்டி நின்றிருந்தும் சிக்னல் சிவப்பாகவில்லை. பின்வந்த வண்டி மோதி 35 பேர் மாண்டனர். அந்த டெக்னீஷியன் 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்பதையும், அவர் செய்த வேலையை வேறொருவர் சரிபார்க்கவில்லை என்பதையும் விசாரணை வெளிப்படுத்தியது.

நம் நாட்டிலும், 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில், பச்சை சிக்னலை நம்பிச் சென்னை நோக்கி விரைந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், தடம் மாற்றும் பாயிண்ட், பக்கத் தடமான லூப் லைனுக்குத் திரும்பியிருந்தமையால், நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. 290-க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த அவ்விபத்துக்கு, சிக்னல் சர்க்யூட்டை மாற்றியமைத்ததில் நேர்ந்த பிழையே காரணமென்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கண்டார்.

பிழை செய்தவரைத் தண்டிப்பது சுலபம். பிழைக்கு இடமளிக்கும் களைப்பையும் அவசரத்தையும் நீக்குவதே நிர்வாகத்தின் தர்மம். ஸ்டேஷன் மாஸ்டரிடம், சிக்னலைத் துண்டித்துப் பணிபுரிவதற்கான டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து வேலையைத் தொடங்கும் டெக்னீஷியனுக்கு, முந்தைய இரவின் நித்திரையும், சோதித்து முடிக்கும் வரை எவரும் துரிதப்படுத்தாத அவகாசமும், அவர் பூட்டிய கம்பியைப் பார்க்க இன்னொருவர் கண்ணும் கட்டாயமாக அளிக்கப்பட வேண்டும். வண்டி பத்து நிமிஷம் தாமதமென்று கடிந்துகொள்ளும் நாமும், அந்தப் பத்து நிமிஷத்தில் எங்கோ ஒரு ரிலே அறையில் ஒருவர் இணைத்ததை மற்றொருவர் சரிபார்க்கிறார் என்றால், அதைப் பொறுத்துக்கொள்வதோடு நில்லாமல், உரிமையாகவே கேட்டுப் பெறக் கடமைப்பட்டுள்ளோம்.